கப்பமா, காவற்கூலியா? சாசானியப் பாரசீகம் ரோமிடம் பொன் கேட்ட கதை

கி.பி. 540-ஆம் ஆண்டுக் கோடையில் சிரியாவின் பெருநகரான அந்தியோக்கியா பாரசீகப் படையிடம் வீழ்ந்து, கொள்ளையிடப்பட்டு, எரிக்கப்பட்டது. அதன்பின் தம் முன்னால் வந்து நின்ற ரோமத் தூதர்களிடம் பாரசீக மன்னர் முதலாம் குஸ்ரோ சமாதானத்துக்கு விலை சொன்னார்: உடனடியாக 5,000 ராத்தல் பொன், அதற்குப்பின் ஆண்டுதோறும் 500 ராத்தல். அப்படியானால் ரோமர்கள் உங்களுக்குக் கப்பம் கட்ட வேண்டும் என்றுதானே பொருள் என்று தூதர்கள் கேட்டார்கள். இல்லை என்றார் குஸ்ரோ. ஹூணர்களுக்கும் அரபுக் குடிகளுக்கும் நீங்கள் ஆண்டுதோறும் பொன் தருகிறீர்கள். அதைக் கப்பம் என்று நீங்கள் சொல்வதில்லை, உங்கள் நிலத்தைக் காப்பதற்கான கூலி என்றே கருதுகிறீர்கள். காஸ்பியன் கணவாய்களைக் காக்கும் எங்களுக்கும் அதே கணக்கில் கொடுங்கள் என்பது அவருடைய வாதம்.

அக்காலத்து ரோம வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் பதிவுசெய்த உரையாடல் இது. ஒரு நகரத்தைச் சாம்பலாக்கிய கையோடு தம்மை ரோமின் காவலாளி என்று சொல்லிக்கொண்டதை வெறும் திமிர் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் அந்த விடை குஸ்ரோவின் நாவில் அன்றைக்குத்தான் முளைத்ததல்ல. அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பிருந்தே பாரசீகத் தூதர்கள் கிழக்கு ரோமின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளில் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த கோரிக்கையின் கூர்மையான வடிவம் அது. கி.பி. 224 முதல் 651 வரை ஈரானை ஆண்ட சாசானியப் பேரரசின் வெளியுறவுக் கொள்கையைப் புரிந்துகொள்ள இந்தக் கோரிக்கையை விட நல்ல நுழைவாயில் இல்லை என்பது என் எண்ணம். எப்போது பேசுவது, எப்போது போரிடுவது என்பதைப் பாரசீகத்துக்குக் கிழக்கு எல்லையே தீர்மானித்தது. என்ன விலைக்குப் பேசுவது என்பதை, கைமாறும் பொன்னின் அளவை விட அதற்குச் சூட்டப்படும் பெயரே தீர்மானித்தது.

ஒரு முன்னெச்சரிக்கை தேவை. சாசானிய அரசின் ஆவணக்களரி நமக்குக் கிடைக்கவில்லை. தூதுகளைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி கிரேக்கத்திலும் இலத்தீனிலும் சிரியாக்கிலும் எழுதியவர்களிடமிருந்து வந்தது. பாரசீகத்தின் குரலை நாம் பெரும்பாலும் எதிராளியின் வாய்வழியாகவே கேட்கிறோம்.

முதலில் நிலவரைபடம். சாசானியத் தலைநகரான தெசிபோன் இன்றைய பாக்தாத்துக்குத் தெற்கே, டைகிரிஸ் ஆற்றங்கரையில் இருந்தது. ரோமப் படை யூப்ரடீஸ் ஆற்றோடு இறங்கிவந்தால் எட்டிவிடக்கூடிய இடம். பேரரசின் மறுமுனையோ ஆமு தாரியா ஆற்றை நோக்கி நீண்டு, நடு ஆசியப் புல்வெளிகளின் குதிரைவீரர்களை எதிர்கொண்டது. நான்காம் நூற்றாண்டில் கியோனைட்டுகள், ஐந்தாம் நூற்றாண்டில் ஹெப்தலைட்டுகள் எனப்பட்ட வெள்ளை ஹூணர், ஆறாம் நூற்றாண்டில் துருக்கியர் என்று அங்கே எதிரிகள் மாறிமாறி வந்தார்கள். வடக்கே காக்கசஸ் மலைகளின் தாரியால், தெர்பெந்த் வழிகள் மூன்றாவது கவலை. இந்தப் பக்கங்களில் எல்லாம் ஒரே நேரத்தில் போரிட எந்த அரசாலும் முடியாது. ஆகவே ஒரு பக்கம் பேச்சுவார்த்தையில் உறைந்திருக்கும்போதுதான் மறுபக்கம் படை நகர முடியும் என்பது சாசானிய அரசியலின் எழுதாத விதியாயிற்று.

அந்த விதி வேலைசெய்யும் விதத்தை 350-களின் இறுதியில் தெளிவாகப் பார்க்கலாம். இரண்டாம் ஷாபூர் கிழக்கில் கியோனைட்டுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததை ரோமின் கிழக்கு ஆட்சியாளர் முசோனியானஸ் ஒற்றர்கள் மூலம் அறிந்தார். நல்ல நேரம் என்று கருதி, எல்லையிலிருந்த பாரசீகத் தளபதி தம்ஷாபூரிடம் சமாதானப் பேச்சை மெல்ல எடுத்துவிட்டார். ரோமர்கள் சமாதானத்துக்கு இறங்கிவருகிறார்கள் என்று தம்ஷாபூர் தம் மன்னருக்கு எழுதினார். ஆனால் அந்தக் கடிதம் தொலைகிழக்கில் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த மன்னரைச் சென்றடைய நெடுநாள் ஆயிற்று. அதற்குள் ஷாபூர் கியோனைட்டுகளோடு உடன்பாடு செய்து அவர்களைக் கூட்டாளிகளாகவே ஆக்கிக்கொண்டுவிட்டார். பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்ள ரோமர் அனுப்பிய செய்தி, பலம் மீண்ட மன்னரின் கையில் ரோமரின் பலவீனத்துக்குச் சான்றாகப் போய்ச் சேர்ந்தது. 358-இல் வந்த பதிலில் ஷாபூர் தம்மை மன்னர்மன்னன், விண்மீன்களின் தோழன், ஞாயிறு திங்களின் உடன்பிறந்தான் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, தம் "சகோதரன்" ரோமப் பேரரசர் கான்ஸ்டான்டியஸிடம் ஆர்மீனியாவையும் மெசொப்பொத்தாமியாவையும் கேட்டார். முன்னோர்களின் உரிமைப்படி மக்கெதோனியா எல்லை வரை கேட்கலாம், பெருந்தன்மையால் குறைத்துக் கேட்கிறேன் என்று வேறு சேர்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு அவர் ரோமரின் அமிதா நகரை முற்றுகையிட்டபோது கியோனைட்டு மன்னர் க்ரம்பாட்டஸ் அவர் பக்கத்தில் இருந்தார்.

அந்தக் கடிதத்தில் வரும் "சகோதரன்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ரோம் தன் எல்லைக்கு வெளியே இருந்த வேறெந்த அரசையும் தனக்குச் சமமாக மதித்ததில்லை. பாரசீகத்தோடு மட்டுமே இரு மன்னர்களும் உடன்பிறப்புகளாக எழுதிக்கொள்ளும் வழக்கம் நிலைத்தது. தோல்வியிலும் அந்த மொழி பாரசீகருக்குக் கைகொடுத்தது. 298-இல் நர்சே மன்னர் ரோமரிடம் தோற்று, அவருடைய மனைவியரும் பிள்ளைகளும் சிறைப்பட்டபோது, தூதுசென்ற அஃபர்பான் இரு பேரரசுகளையும் இரண்டு விளக்குகள் என்றும், இரு கண்களைப் போல ஒன்றின் ஒளியால் மற்றது அழகுபெற வேண்டும் என்றும் பேசினார். வென்றவர் ஒரு கண்ணைப் பிடுங்கக் கூடாது என்பதே உட்பொருள். இந்தப் பேச்சு நமக்குக் கிடைத்தது பீட்டர் என்ற ரோம அதிகாரியின் எழுத்து வழியாக. அவரை இந்தக் கட்டுரையின் பிற்பகுதியில் நேரிலேயே சந்திப்போம்.

ஐந்தாம் நூற்றாண்டு ஒப்பீட்டளவில் அமைதியானது. ஹூணர்களால் இரு அரசுகளுமே அலைக்கழிக்கப்பட்ட காலம் அது என்பதே காரணம். ரோமப் பேரரசர் ஆர்கேடியஸ் 408-இல் இறக்குமுன் தம் குழந்தை மகனின் பாதுகாவலராகப் பாரசீக மன்னர் முதலாம் யஸ்தகிர்தை நியமித்தார் என்று புரோகோப்பியஸ் சொல்கிறார். 442 உடன்படிக்கையில் எல்லைக்கருகே புதிய கோட்டை எதையும் கட்டுவதில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். பிற்கால மனக்கசப்புகள் பலவற்றுக்கு இந்த ஒரு பிரிவே வேர்.

இந்த அமைதிக்குள்தான் பொன் கோரிக்கை பிறக்கிறது. காக்கசஸ் கணவாயில் நாங்கள் வைத்திருக்கும் கோட்டை ஹூணர்களை எங்கள் நாட்டுக்குள் மட்டுமல்ல, உங்கள் மாகாணங்களுக்குள்ளும் வரவிடாமல் தடுக்கிறது. ஆகவே செலவில் பங்கு தாருங்கள், அல்லது ஆள் அனுப்புங்கள் என்று 460-களில் பாரசீகத் தூதர்கள் லியோ பேரரசரிடம் கேட்டார்கள். மறுப்பே கிடைத்தது. ஆனால் கோரிக்கையில் உண்மை இல்லாமலில்லை. 395-இல் அந்த மலைவழிகளில் இறங்கிய ஹூணர்கள் சிரியா வரை சூறையாடியதை ரோமர்களே மறந்திருக்க முடியாது. தெர்பெந்தில் மலைக்கும் கடலுக்கும் இடையே சாசானியர் எழுப்பிய கன்மதில் இன்றும் நிற்கிறது. காஸ்பியன் கடலின் தென்கிழக்கே குர்கான் சமவெளியில் சுட்ட செங்கல்லால் சுமார் 195 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுவரும் அதையொட்டி முப்பதுக்கும் மேற்பட்ட கோட்டைகளும் அவர்கள் கட்டியிருக்கிறார்கள். காவலுக்குப் பெருஞ்செலவு ஆனது என்பது நடிப்பல்ல.

அந்தச் செலவும் போதவில்லை என்பதுதான் பெரோஸ் மன்னரின் கதை. ஹெப்தலைட்டுகளோடு போரிட்டுப் பிடிபட்ட அவர், முப்பது கோவேறு கழுதைகள் சுமக்கும் அளவுக்கு வெள்ளிக்காசு தருவதாக ஒப்புக்கொண்டு, இருபது சுமைதான் தேற்ற முடிந்ததால் மீதிக்குத் தம் மகன் கவாதைப் பணயமாக விட்டுவந்தார் என்று ஒரு சிரியாக் நூல் கூறுகிறது. 484-இல் மறுபடியும் படையெடுத்துப் படையோடு மாண்டார். அதன்பின் பாரசீகமே ஹெப்தலைட்டுகளுக்குக் கப்பம் கட்டியது. கப்பம் என்ற சொல்லின் சுமையைச் சாசானியர் ரோமிடமிருந்து கற்கவில்லை. தம் முதுகிலேயே சுமந்து அறிந்தார்கள்.

பணயமாக வளர்ந்த கவாத் பின்னர் மன்னரானார். 496-இல் அரியணையிலிருந்து இறக்கப்பட்டார். ஹெப்தலைட்டுப் படையின் துணையோடு மீண்டும் ஏறினார். அந்த உதவிக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்ததால் ரோமப் பேரரசர் அனஸ்டேசியஸிடம் கடன் கேட்டார். எதிரியும் எதிரியின் எதிரியும் நண்பர்களாவதற்கு நாம் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று ஆலோசகர்கள் சொன்னதால் அனஸ்டேசியஸ் மறுத்தார். கணக்குப்படி அது புத்திசாலித்தனமான பதில். விளைவுப்படி அப்படிச் சொல்ல முடியாது. 502-இல் கவாத் படையெடுத்தார், 503-இன் தொடக்கத்தில் அமிதா அவர் வசமாயிற்று, அதைத் திரும்பப் பெறவே ரோமர் 1,000 ராத்தல் பொன் கொடுக்க நேர்ந்தது. பதிலுக்கு அனஸ்டேசியஸ் பாரசீகரின் நிசிபிஸ் நகரிலிருந்து ஒருநாள் நடைக்குள் தாரா என்ற கோட்டை நகரைக் கட்டினார். 442 உடன்படிக்கையை அப்பட்டமாக மீறிய செயல் அது. அதன்பின் பாரசீகத் தூதர்கள் எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் தாராவில் வந்து முடிப்பது வழக்கமாயிற்று.

ரோமிடம் எல்லோரும் பொன்னையே கேட்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 520-களில் அதே கவாத் தம் இளைய மகன் குஸ்ரோவைத் தத்தெடுத்துக்கொள்ளும்படி பேரரசர் ஜஸ்டினைக் கேட்டார். மூத்த பிள்ளைகள் இருக்க, தாம் விரும்பிய மகனுக்கு அரியணையை உறுதிப்படுத்தவே இந்த ஏற்பாடு. ஜஸ்டினும் அவருடைய சகோதரி மகன் ஜஸ்டினியனும் மகிழ்ந்தார்கள். சட்ட அதிகாரி புரோக்ளஸ் மட்டும் மறித்தார்: ரோமச் சட்டப்படி தத்துப்பிள்ளை தந்தையின் சொத்துக்கு வாரிசு, இந்தத் தத்து நடந்தால் ரோமப் பேரரசே நாளை பாரசீகனுக்குப் போகும் என்றார். ஆகவே எழுத்துவழித் தத்து முடியாது, அயல் இனத்தாருக்குச் செய்வதுபோல ஆயுதம் அளித்துத் தத்தெடுக்கலாம் என்று எல்லையில் ரோமத் தூதர்கள் சொன்னபோது பாரசீகர் அதைப் பொறுக்க முடியாத இழிவாகக் கருதினார்கள். டைகிரிஸ் கரையில் செய்திக்காகக் காத்திருந்த குஸ்ரோ வெறுங்கையோடு திரும்பினார். பாரசீகத் தூதுக்குழுவின் தலைவர் சியோசஸ் நாடு திரும்பி விசாரணைக்குள்ளாகிக் கொல்லப்பட்டார். ஒரு சட்டச்சொல் ஒரு தூதரின் தலையை வாங்கியது.

குஸ்ரோ 531-இல் அரியணை ஏறியபோது உள்நாட்டில் காலூன்ற வேண்டியிருந்தது. அதற்குள் ரோமப் பேரரசராகிவிட்ட ஜஸ்டினியனுக்கோ மேற்கில் ஆப்பிரிக்காவையும் இத்தாலியையும் மீட்கும் கனவு. இருவருக்கும் அமைதி தேவைப்பட்டது. 532-இல் காலவரையறை இல்லாத "நிலையான சமாதானம்" 11,000 ராத்தல் பொன்னுக்குக் கையெழுத்தாயிற்று. இன்றைய நிறையில் சுமார் மூன்றரை டன். இந்தப் பேச்சில் ஒரு காட்சி மறக்க முடியாதது. பொன் எல்லை தாண்டி நிசிபிஸுக்கு வந்துசேர்ந்தபின் பேச்சு இடையில் ஒருமுறை முறிந்தது. ரோமத் தூதர் ரூஃபினஸ் குஸ்ரோவின் காலில் விழுந்து, பொன்னைத் திருப்பித் தரும்படியும் போரைத் தள்ளிப்போடும்படியும் வேண்டினார். குஸ்ரோ அவரை எழச்சொல்லி, பொன் முழுவதையும் கொடுத்தனுப்பினார். ரூஃபினஸின் குடும்பம் கவாதின் காலத்திலிருந்தே பாரசீக அரண்மனைக்கு வேண்டியது. குஸ்ரோவின் தாய்க்கும் அவர்மேல் நன்மதிப்பு உண்டு. இப்படிப்பட்ட தனிப்பட்ட பழக்கம்தான் அன்றைய தூதுமுறையின் முதுகெலும்பு. அதனாலேயே ரூஃபினஸின் சக தூதர்கள் அவரைச் சந்தேகித்துப் பேரரசரிடம் கோள் சொன்னார்கள்.

நிலையான சமாதானம் எட்டாண்டுகூட நிலைக்கவில்லை. இத்தாலியில் அடிவாங்கிக்கொண்டிருந்த கோத் மன்னர் விட்டிகெஸ், ஜஸ்டினியன் மேற்கை முடித்தபின் உங்களிடம்தான் வருவார் என்று தூது அனுப்பினார். ரோமரிடமிருந்து பிரிந்த ஆர்மீனியரும் வந்து அதையே சொன்னார்கள். அந்தியோக்கியாவின் அழிவு அதன் விளைவு. அங்கிருந்து சிறைபிடித்த மக்களுக்குத் தெசிபோன் அருகே குளியல் மண்டபங்களும் குதிரைப் பந்தயத் திடலும் கொண்ட புதிய நகரொன்றையே குஸ்ரோ கட்டிக் குடியேற்றினார்.

இனி விலைகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். 545-இல் ஐந்தாண்டுப் போர்நிறுத்தத்துக்கு 2,000 ராத்தல். 551-இல் மற்றொரு ஐந்தாண்டுக்கு 2,000. இடையில் பேச்சில் கழிந்த பதினெட்டு மாதங்களுக்கு 600. ஆக, ஆண்டுக்கு 400 ராத்தல் என்ற சந்தைவிலை ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. 551-இல் ஜஸ்டினியன் முதலில் ஆண்டுக்கு 400 என்று தவணையில் கொடுக்கவே நினைத்தார். பாரசீகர் மீறினால் மீதியை நிறுத்திவிடலாம் என்ற கணக்கு. கடைசியில் 2,600 ராத்தலையும் ஒரே தடவையில் கொடுத்தார். ஆண்டுதோறும் கொடுத்தால் கப்பமாகத் தெரியும் என்பதே காரணம். மனிதர்கள் வெட்கப்படுவது செயலுக்கு அல்ல, அதன் பெயருக்கே என்று புரோகோப்பியஸ் இங்கே கசப்போடு எழுதுகிறார். பணப்பை கையில் இருந்தால் எதிராளியைக் கட்டுப்படுத்தலாம் என்ற நல்ல உத்தியை மானத்துக்காகக் கைவிட்டது, என் பார்வையில், ஜஸ்டினியனின் கிழக்குக் கொள்கையிலேயே மிகவும் விலையுயர்ந்த தவறு. குஸ்ரோவுக்கோ அது லாபம்: முழுத்தொகையும் முன்பணமாகக் கைக்கு வந்தது.

545 போர்நிறுத்தத்தில் பொன்னோடு மற்றொரு நிபந்தனையும் இருந்தது. முன்பு தமக்குச் சிகிச்சை அளித்த பாலஸ்தீன மருத்துவர் ட்ரிபூனஸ் ஓராண்டு தம்மோடு இருக்க வேண்டும் என்று குஸ்ரோ கேட்டார். ஆண்டு முடிந்து விடைபெறும்போது என்ன வேண்டும் என்று மன்னர் கேட்க, பணம் வேண்டாம், ரோமச் சிறைக்கைதிகள் சிலரை விடுவியுங்கள் என்றார் மருத்துவர். அவர் பெயர் சொன்னவர்களோடு சேர்த்து 3,000 பேர் விடுவிக்கப்பட்டார்கள். தூதர்கள் பல ஆண்டு பேசியும் கிடைக்காததை ஒரு வைத்தியர் வாங்கிவந்தார்.

இந்தக் காலம் முழுவதும் பாரசீகத்தின் முகமாக இருந்தவர் யஸ்த்குஷ்நாஸ்ப் என்ற உயர்குடித் தூதர். புரோகோப்பியஸுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஒருமுறை 500 தேர்ந்த வீரர்களோடு தூதுபோகும் வழியில் தாராவில் தங்கி, இரவில் வீடுகளுக்குத் தீயிட்டு, நிசிபிஸ் படைக்குக் கதவைத் திறந்துவிட அவர் திட்டமிட்டதாக எழுதுகிறார். இருபது பேருக்குமேல் உள்ளே விடுவது வழக்கமில்லை என்று நகரத்தார் மறித்ததால் திட்டம் கெட்டதாம். இதை நம்பலாமா என்று ஐயுறுவோர், அந்நூற்றாண்டின் ரோம அரண்மனைச் சடங்குக் குறிப்புகளைப் பார்க்கலாம். பாரசீகத் தூதர் எல்லை தாண்டும்போது கூட்டமாக ஆட்கள் நுழைந்து தாராவைப் பிடித்துவிடாதபடி எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று அவை வெளிப்படையாகவே சொல்கின்றன. அதே குறிப்புகளில் தூதருக்கு எல்லையிலிருந்து தலைநகர் வர 103 நாள் அவகாசம், வழியெல்லாம் அரசு உபசரிப்பு, தங்கும் வீட்டில் கட்டில், படுக்கை, குளியல் ஏற்பாடு எல்லாம் உண்டு. அவர் கொண்டுவரும் பரிசுகளைத் திரைமறைவில் மதிப்பிட்டு, திருப்பிச் செய்ய வேண்டியது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் அதிகாரிகளும் உண்டு. நம்மூர் மொய்க் கணக்கு அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவையில் பேரரசர் கேட்கும் முதற்கேள்வி, கடவுள் அருளில் நம் சகோதரர் நலமா என்பது.

யஸ்த்குஷ்நாஸ்புக்கு ஜஸ்டினியன் செய்த உபசாரம் எல்லை கடந்தது. மனைவி, இரு மகள்கள், தம்பி சகிதம் வந்து பத்து மாதம் தங்கிய அவருக்குச் செலவும் பரிசும் சேர்ந்து 1,000 ராத்தல் பொன்னுக்குமேல் ஆனதாம். அவருடைய துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், பிராதூசியஸைக்கூடப் பேரரசர் தம் விருந்தில் உடன் அமர்த்தினார். அதுவே அந்த மனிதனுக்கு எமனாயிற்று. விலைபோகாதவனுக்கு இந்த மரியாதை கிடைக்குமா என்று சந்தேகித்து குஸ்ரோ அவரைக் கொன்றுவிட்டார்.

இந்த யஸ்த்குஷ்நாஸ்பும், ரோம அரண்மனை நிர்வாகத் தலைவர் பீட்டரும் 561-இன் இறுதியிலோ 562-இன் தொடக்கத்திலோ தாரா அருகே எல்லையில் சந்தித்தார்கள். இரண்டு விளக்குகள் பற்றிய பழைய பேச்சைத் தம் வரலாற்றில் எழுதிவைத்தவர் இந்தப் பீட்டர்தான். பாரசீகர் நீண்ட காலமும் முன்பணமும் கேட்டார்கள். ரோமர் குறுகிய காலமும் பொன் இல்லாத சமாதானமும் கேட்டார்கள். முடிவில் 50 ஆண்டு, ஆண்டுக்கு 30,000 பொற்காசு என்று தீர்ந்தது. ராத்தலுக்கு 72 காசு என்ற ரோமக் கணக்கில் இது சுமார் 417 ராத்தல், அதாவது 551-இன் அதே விலை. கொடுக்கும் முறையில்தான் இராஜதந்திரம் இருந்தது: முதல் ஏழு ஆண்டுத் தொகை கையோடு கையாக, ஏழாண்டு முடிந்ததும் அடுத்த மூன்றாண்டுத் தொகை ஒன்றாக, அதன்பிறகே ஆண்டுதோறும். கருங்கடலோரத்து லாசிக்காவைப் பாரசீகர் விட்டுக்கொடுத்தார்கள். அதையொட்டிய சுவானியா யாருக்கு என்பது மட்டும் தீராமல் கிடந்தது.

அந்த உடன்படிக்கையின் பிரிவுகள் மெனாந்தர் என்ற வரலாற்றாசிரியரின் துண்டுகளில் நமக்கு எஞ்சியுள்ளன. பண்டைய உலகின் உடன்படிக்கைகளில் இவ்வளவு விரிவாகக் கிடைத்தவை மிகக் குறைவு. முதற்பிரிவே காக்கசஸ் கணவாய்: ஹூணர், ஆலன் முதலியோரைப் பாரசீகர் அவ்வழியே விடக் கூடாது, ரோமர் அங்கே படை அனுப்பக் கூடாது. ஒரு நூற்றாண்டுக் காவல் வாதம் இங்கே சட்ட வாசகமாயிற்று. இருதரப்பு அரபுக் கூட்டாளிகளும் சமாதானத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். வணிகர்கள் குறித்த சுங்கச்சாவடிகள் வழியாகவே வர வேண்டும். அரபு வணிகர்கள் குறுக்குப் பாதையில் திருட்டுத்தனமாகச் சரக்கு கடத்தாமல் நிசிபிஸ், தாரா வழியே செல்ல வேண்டும். தூதர்களும் அரச அஞ்சற்காரர்களும் மரியாதையோடு நடத்தப்பட்டு, தாமதமின்றி அனுப்பப்பட வேண்டும். அவர்கள் கொண்டுவரும் சரக்குக்குச் சுங்கம் இல்லை. அமைதிக்காலத்தில் ஓடிவருபவர் திருப்பி அனுப்பப்படுவர். எல்லையில் புதுக்கோட்டை கூடாது. தாரா இருக்கலாம், ஆனால் காவலுக்கு வேண்டிய அளவுக்குமேல் படை கூடாது, கிழக்குப் படைத்தலைவர் அங்கே தங்கக் கூடாது. அறுபதாண்டுச் சண்டையை ஒரு வரியில் விழுங்கிய பிரிவு அது. தனிப்பத்திரமொன்று பாரசீகத்துக் கிறித்தவர்கள் ஆலயம் கட்டவும் இறந்தோரைப் புதைக்கவும் உரிமை அளித்தது. பாரசீகச் சமயத்தாரை மதம் மாற்ற முயலக் கூடாது என்று அவர்களையும் கட்டுப்படுத்தியது. ஆண்டு என்பது 365 நாள் என்றுகூட எழுதிவைத்தார்கள். நாட்காட்டி வேறுபாட்டில் நாளை தகராறு வரக் கூடாதல்லவா.

கையெழுத்தாகும் காட்சியை மெனாந்தர் அருகிருந்து பார்த்தவர்போல் விவரிக்கிறார். ஒரு படி பாரசீகத்தில், ஒரு படி கிரேக்கத்தில். ஒவ்வொன்றும் மற்றதன் மொழியில் பெயர்க்கப்பட்டு, சொல்லுக்குச் சொல் பொருள் ஒத்திருக்கிறதா என்று பார்க்கப்பட்டது. ரோமர் ஆறுபேர், பாரசீகர் ஆறுபேர் என்று பன்னிரண்டு துபாஷிகள். மெழுகிலும் பாரசீகர் வழக்கமாகப் பயன்படுத்தும் பொருளிலும் தூதர்களின் முத்திரை மோதிரங்களும் துபாஷிகளின் முத்திரைகளும் பதிக்கப்பட்டன. பின் பாரசீகப் படியை யஸ்த்குஷ்நாஸ்ப் பீட்டரிடமும், கிரேக்கப் படியைப் பீட்டர் அவரிடமும் கொடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. கிரேக்கப் படியின் பாரசீகப் பெயர்ப்பு ஒன்று முத்திரையில்லாமல் யஸ்த்குஷ்நாஸ்புக்கும், பாரசீகப் படியின் கிரேக்கப் பெயர்ப்பு பீட்டருக்கும் நினைவுக்காக வழங்கப்பட்டன. முத்திரையை உடைக்காமலே உள்ளே இருப்பதைப் படித்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

பொன்னைப் போலவே பட்டும் இந்த உறவின் ஒரு நூல். இந்தியக் கப்பல்கள் முதலில் வந்தணையும் துறைமுகங்களிலேயே பாரசீக வணிகர்கள் காத்திருந்து மொத்தச் சரக்கையும் வாங்கிவிடுவதால், எத்தியோப்பியர் மூலம் பட்டு வாங்கும் ஜஸ்டினியனின் முயற்சி பலிக்கவில்லை. இலங்கையில் பாரசீகக் கிறித்தவர்களின் ஆலயம் ஒன்று இருந்ததாகவும், அதன் குரு பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்டதாகவும் அந்நூற்றாண்டு வணிகர் காஸ்மாஸ் எழுதுகிறார். அனுராதபுரத்தில் 1912-இல் கண்டெடுக்கப்பட்ட சிலுவைச் சிற்பம் பெரும்பாலும் அந்தச் சமூகத்தோடு தொடர்புபடுத்தப்படுகிறது. இலங்கை மன்னர் முன்னிலையில் ஒரு பாரசீகரும் சோபத்ரஸ் என்ற ரோம வணிகரும் யாருடைய அரசர் பெரியவர் என்று வாதிட்டு, ரோமப் பொற்காசும் பாரசீக வெள்ளிக்காசும் ஒப்பிடப்பட, ரோமர் வென்று யானைமேல் ஊர்வலம் போன கதையையும் அவர் சொல்கிறார். சொன்னவர் ரோமர் என்பதால் வென்றவர் யார் என்பதில் வியப்பில்லை.

நிலவழிப் பட்டில் குஸ்ரோ சறுக்கினார். துருக்கியரோடு சேர்ந்து ஹெப்தலைட்டுகளை 560 வாக்கில் நொறுக்கியது அவருடைய கிழக்குக் கொள்கையின் உச்சம். ஆனால் அந்த இடத்தில் இன்னும் வலிய அண்டை அரசு வந்து அமர்ந்தது. துருக்கியரின் கீழிருந்த நடு ஆசியச் சோக்தியானா வணிகர்கள் மணியாக் என்பவர் தலைமையில் பாரசீகத்தில் பட்டு விற்க அனுமதி கேட்டார்கள். குஸ்ரோ நியாயமான விலை கொடுத்து முழுப்பட்டையும் வாங்கி, அவர்கள் கண்ணெதிரே எரித்தார். உங்கள் சரக்கும் வேண்டாம், உங்கள் நடமாட்டமும் வேண்டாம் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அடுத்து வந்த துருக்கியத் தூதர்களில் பெரும்பாலோர் அங்கேயே இறந்தார்கள். வறண்ட தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பாரசீகர் சொன்னார்கள், நஞ்சு என்று துருக்கியர் நம்பினார்கள். 568-இல் அதே மணியாக் காக்கசஸ் வழியாகக் கான்ஸ்டாண்டிநோபிள் போய்ச் சேர்ந்தார். கிழக்கும் மேற்கும் பாரசீகத்தின் தலைக்குமேல் பேசிக்கொள்ளத் தொடங்கின. எந்த நிலை வரக் கூடாது என்று சாசானியர் இருநூறு ஆண்டு கவனமாக இருந்தார்களோ அது வந்துவிட்டது.

புதிய பேரரசர் இரண்டாம் ஜஸ்டினுக்கு அது துணிவைத் தந்தது. 562-இன் ஏழும் மூன்றுமான பத்தாண்டுத் தொகை 572-இல் தீர்ந்தது. இனிமேல்தான் உண்மையிலேயே ஆண்டுதோறும் கொடுத்தாக வேண்டும். இத்தனை காலம் மொத்தமாகக் கொடுத்து மறைத்துவைத்த பெயர் இனி மறையாது. முதல் ஆண்டுத் தவணையைக் கேட்டு வந்த பாரசீகத் தூதர் சேபோக்த் ஒரு கிறித்தவர். பணத்தால் கட்டப்படும் நட்பு அடிமைத்தனம் என்று சொல்லி ஜஸ்டின் மறுத்துவிட்டார். 50 ஆண்டுச் சமாதானம் பத்தாண்டில் முடிந்தது. 573-இன் இறுதியில் குஸ்ரோ தாராவைக் கைப்பற்றினார். செய்தி கேட்ட ஜஸ்டினுக்குச் சித்தம் கலங்கியது. ஆட்சியைக் கையிலெடுத்த பேரரசி சோஃபியா அரண்மனை மருத்துவர் சக்கரியாவைத் தூதராக அனுப்பினார். அவர் பேசிமுடித்த போர்நிறுத்தம் ஓராண்டுக்கு மட்டும், அதுவும் ஆர்மீனியா நீங்கலாக. விலை 45,000 பொற்காசு.